பேட்டர்ன் பேர் சொல்லும் கிளிகள்

டேக்வாண்டோ பழகும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நாம் போடுகிற பேட்டர்ன்களின் பெயருக்கு நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். கையேட்டில் இருக்கும் ஒரு பத்தி ஆங்கிலத்தை உருப்போட்டு, பரிட்சை எடுக்க வந்திருக்கும் பெரிய மாஸ்டர் முன்னால் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, பெல்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஒரு வார்த்தை தடுமாறினால் மதிப்பெண் போய்விடும். ஒப்பித்ததில் என்ன சொன்னாய் என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எதிராளி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, தடுப்பு, குத்து, உதை என்று வரிசையாகச் செய்யும் அசைவுகளின் கோர்வைதான் பேட்டர்ன். கொரிய மொழியில் துல். ஐ.டி.எஃப். என்ற சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு வழியில் மொத்தம் 24 பேட்டர்ன்கள். ஒரு நாளின் 24 மணி நேரம், அதாவது ஒரு மனிதனின் முழு வாழ்க்கை என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கொரிய வரலாற்றிலிருந்து ஒரு பெயர். எத்தனை அசைவுகள் என்பதற்கும் பெரும்பாலும் ஒரு காரணம் சொல்வார்கள். இதையெல்லாம் அமைத்தவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி (1918-2002). கூட இருந்த மாணவர்களின் உழைப்பும் அதில் உண்டு. ஒலிம்பிக்கில் பார்க்கிறோமே, அந்த வேர்ல்ட் டேக்வாண்டோ வழியில் பெயர்கள் வேறு. அங்கே தேகுக் என்று எட்டு இருக்கிறது, சீனர்களின் ஐ சிங் நூலில் வரும் எட்டுக் குறிகளை வைத்து, வானத்தில் ஆரம்பித்து பூமியில் முடியும். அழகான ஏற்பாடு. ஆனால் அதில் மனிதர்கள் இல்லை, அதனால் எனக்கு அங்கே சண்டையும் இல்லை. என் சண்டை இந்த 24 பேரோடு. இல்லை, அவர்கள் பேரைச் சொல்லி நாம் அடிக்கும் கூத்தோடு.

முதலில் "ஆயிரக்கணக்கான வருஷப் பழமை வாய்ந்த பேட்டர்ன்" என்று நோட்டீஸ் அடிக்கும் அண்ணன்களுக்கு ஒரு கும்பிடு. டேக்வாண்டோ என்ற பெயரே 1955இல் வைத்தது. அதற்கு முன் கொரியப் பயிற்சிக் கூடங்களில் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் ஜப்பானியக் கராத்தே கட்டாக்கள்தான். ப்யோங்-ஆன் என்று கொரிய உச்சரிப்பில் சொன்னால் கொரியச் சரக்கு ஆகிவிடாது. அதே இரண்டு எழுத்துகளை ஓகினாவாவில் பினான் என்றும் ஜப்பானில் ஹெய்யான் என்றும் படிக்கிறார்கள். ஜெனரல் சோயும் ஜப்பானில் படித்தபோது ஷோடோகான் கராத்தே கற்றவர்தான். அப்புறம் ஜப்பானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, தப்பிக்கத் திட்டம் போட்டார் என்று பியோங்யாங்கில் சிறையில் போடப்பட்டு, 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் வெளியே வந்தவர்.

இந்தப் பின்னணியில் யோசித்துப் பாருங்கள். 35 வருஷம் ஜப்பானின் பிடியில் இருந்த நாடு அது. கடைசி வருஷங்களில் பள்ளிக்கூடத்தில் கொரிய மொழி போய்விட்டது, ஜனங்கள் தங்கள் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவர் கராத்தேயிலிருந்து கிளம்பிய அசைவுகளை எடுத்து, மாற்றி அடுக்கி, அதன் மேல் ஜப்பானை எதிர்த்தவர்களின் பெயர்களாகப் பார்த்து ஒட்டுகிறார். உடம்பில் பாதி எதிரி வீட்டுச் சொத்து, பெயர் மட்டும் முழுக்கத் தன் வீட்டுடையது. என்ன ஒரு பழிவாங்கல்! எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும். ஆகவே "பேர்ல என்னப்பா இருக்கு, உதை ஒழுங்கா விழுந்தா போதாதா" என்பவர்களுக்கு என் பதில்: இந்தக் கலையில் பேர்தான் முதலில் வந்த கொரியச் சொத்து. சரி, பேர் முக்கியம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் எதற்குப் பரிட்சையில் கேட்டுச் சின்னப் பசங்களை அழ வைக்கிறீர்கள்?

இப்போது அந்தப் பத்திகளுக்கு வருவோம். நான் பி.காம். மாணவன். எண்ணைப் பார்த்தால் கூட்டிப் பார்க்கத் தோன்றும், அது வியாதி :-)

கிரீன் பெல்ட் சமயத்தில் வரும் வான்-ஹ்யோ. சில்லா ராஜ்ஜியத்துக்கு 686இல் பௌத்தத்தைக் கொண்டுவந்த துறவி என்று ஒப்பிக்கிறோம். வான்-ஹ்யோ பிறந்தது 617. இறந்தது 686. அதாவது, செத்துப்போன வருஷத்தில் ஒரு மதத்தை நாட்டுக்கு அறிமுகம் செய்திருக்கிறார்! சில்லா அரசு பௌத்தத்தை ஏற்றுக்கொண்டது 527இல், வான்-ஹ்யோவின் தாத்தா காலத்துச் சமாச்சாரம். அவர் செய்தது வேறு, அதைவிடப் பெரியது. பண்டிதர்களும் பிரபுக்களும் பொத்தி வைத்திருந்த பௌத்தத்தைத் தெருவுக்குக் கொண்டுபோய், படிக்காத ஜனங்களோடு பாடி ஆடிப் பரப்பினார். மேல்படிப்புக்காகச் சீனா போகும் வழியில், இருட்டில் தாகத்துக்குக் குடித்த இனிப்பான தண்ணீர் மண்டை ஓட்டில் தேங்கிய தண்ணீர் என்று விடிந்ததும் தெரிந்து வாந்தி எடுத்து, "எல்லாம் மனசுதான், இதுக்கு எதுக்குச் சீனா" என்று திரும்பி வந்துவிட்டார் என்பது அவரைப் பற்றிய பிரசித்தமான கதை. இதை ஒரு பத்து வயசுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், கிழவனாகிற வரைக்கும் மறக்கமாட்டான். நாம் சொல்லிக்கொடுப்பது 686 என்ற எண்ணை மட்டும். அதுவும் தப்பு.

யோன்-கே பேட்டர்னில் 49 அசைவுகள். 649ஆம் வருஷம் தாங் படையை ஆன்சி கோட்டையில் தோற்கடித்துத் துரத்திய யோன் கே சோமுன்னின் நினைவாம். ஆன்சி முற்றுகை நடந்தது 645இல். 649 என்பது தோற்றுப்போன தாங் பேரரசர் செத்த வருஷம். உல்-ஜி பேட்டர்னுக்குப் போனால் 612இல் தாங் படையெடுப்பை முறியடித்த உல்ஜி முன்டோக் என்று பல கையேடுகளில் இருக்கிறது. 612இல் தாங் வம்சமே கிடையாது ஐயா! அது 618இல்தான் ஆரம்பம். படையெடுத்து வந்தவர் சுய் வம்சத்துப் பேரரசர் யாங். அந்தத் தோல்விகளின் பாரம் தாங்காமல் சுய் வம்சம் சரிந்த பிறகுதான் தாங் வந்தது. அதாவது, உல்ஜியின் வெற்றிக்குப் பிறகு எழுந்த வம்சத்தை அவரோடு சண்டை போட வைத்துவிட்டோம். சூங்-ஜாங் பேட்டர்னில் வரும் தளபதி கிம் டோக் ரியோங்குக்கும் இதே கதிதான். 14ஆம் நூற்றாண்டு என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் 1592 ஜப்பானியப் படையெடுப்பில் போரிட்டு, பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி 1596இல் சிறையில் இறந்தவர். இரு நூறு வருஷம் என்ன பெரிய விஷயமா, விடுங்கள்.

சே-ஜோங் பேட்டர்னின் 24 அசைவுகள் கொரிய எழுத்துகள் இருபத்து நான்கைக் குறிக்கும் என்பார்கள். சே-ஜோங் மன்னர் 1443இல் உருவாக்கியபோது அவை 28. பின்னால் நான்கு வழக்கொழிந்து போயின. அவர் பெயரில் ஒரு பேட்டர்ன் போட்டுவிட்டு அவர் செய்த நான்கு எழுத்துகளை வெட்டிவிட்டோம்.

வயசுக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஜூங்-குன் பேட்டர்னில் 32 அசைவுகள், தூக்கிலிடப்பட்டபோது ஆன் ஜூங்-குன்னுக்கு வயசு 32 என்பதால். அவர் பிறந்தது 1879 செப்டம்பர், தூக்கில் போட்டது 1910 மார்ச் 26. நம் கணக்குப்படி 30. பின் 32 எப்படி வந்தது? கொரியாவின் பழைய வழக்கப்படி பிறக்கும்போதே ஒரு வயசு, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். அந்தக் கணக்கில் 32 சரி. (2023 ஜூனில்தான் தென் கொரியா சட்ட விஷயங்களுக்கெல்லாம் உலக வழக்குக் கணக்கு என்று மாறியது.) உய்-ஆம் பேட்டர்னின் 45உம் இப்படித்தான். 1861இல் பிறந்த சோன் ப்யோங் ஹி, 1905இல் தோங்ஹாக் இயக்கத்தின் பெயரைச் சோண்டோக்யோ என்று மாற்றியபோது கொரிய வயசு 45. சரி, கொரியக் கணக்கு என்று ஏற்றுக்கொண்டு மேலே போனால் சோ-சான் வந்து காலை வாருகிறார். 1520இல் பிறந்து 1592இல் துறவிகளின் படையைத் திரட்டியவர், அசைவுகள் 72. இது உலக வழக்குக் கணக்கு! கொரியக் கணக்கில் 73 வரவேண்டும். ஒரு வருஷம் ஒரு முறை, அடுத்த வருஷம் வேறு முறை என்று கணக்கு எழுதினால் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார்.

இதைவிடப் பெரிய கணக்குக் குளறுபடி ஒன்று உண்டு. முதல் வருஷ பி.காம்.காரனைக் கேட்டாலும் சொல்வான்: வியாபாரம் வேறு, முதலாளி வேறு. முதலாளியின் வீட்டுச் செலவைக் கடைக் கணக்கில் எழுதக் கூடாது. ஹ்வா-ராங் என்பது சில்லா காலத்து இளைஞர் படை. அதன் 29 அசைவுகள் எதைக் குறிக்கின்றன? டேக்வாண்டோ பக்குவப்பட்ட 29ஆம் காலாட்படைப் பிரிவை. அந்தப் பிரிவை 1953இல் ஜேஜு தீவில் தொடங்கியவர் யார்? ஜெனரல் சோய். உல்-ஜியின் 42 அசைவுகள்? அந்தப் பேட்டர்னை அமைத்தபோது அமைத்தவரின் வயசு. சுய் பேரரசையே சாய்த்த சால்சு நதிப் போரின் நாயகன் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே தன் வயசை வைத்துக்கொண்டார். தேசத்தின் கணக்கில் சொந்தச் செலவு. இதைத் தப்பென்று நான் கத்தவில்லை, கோயில் கட்டியவன் கல்லில் பேர் வெட்டிக்கொள்வது உலக வழக்கம்தான். ஆனால் கல்வெட்டைப் படிக்கிறவனுக்கு எது சாமி பேர், எது தர்மகர்த்தா பேர் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

"அதெல்லாம் சின்ன எண் பிழைகள், பெரிசு பண்ணாதே" என்று சிலர் சொல்வார்கள். சரி, எண்களை விடுங்கள். ஆட்களுக்கு வருகிறேன்.

இந்த 24 பெயர்களும் ஒரே தட்டில் வைத்த மாலைகள் இல்லை. இவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் கொன்றவர்கள். கே-பேக் என்பவர் பேக்ஜே ராஜ்ஜியத்தின் தளபதி. 660இல் ஹ்வாங்சான் சமவெளியில் ஐயாயிரம் பேரோடு நின்றார். எதிரே ஐம்பதாயிரம் சில்லா வீரர்கள். சில்லாவின் தளபதி கிம் யூ-சின், அவர் பெயரிலும் ஒரு பேட்டர்ன் உண்டு. அந்தச் சண்டையில் குவான்சாங் என்ற ஹ்வா-ராங் பையனைப் பேக்ஜேக்காரர்கள் பிடித்தார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் மீசை கூட முளைக்காத பிள்ளை. கே-பேக் மனசு இளகி விட்டுவிட்டார். பையன் திரும்ப வந்தான், திரும்பப் பிடிபட்டான். இந்த முறை தலையை வெட்டிக் குதிரையில் கட்டி அனுப்பினார்கள். அதைப் பார்த்து வெறி கொண்ட சில்லா படை பேக்ஜேயை அழித்தது, கே-பேக்கும் செத்தார். கே-பேக், யூ-சின், ஹ்வா-ராங் என்று மூன்று பேட்டர்ன்கள் ஒரே ரத்தக்களத்தில் சந்திக்கின்றன. மூன்றையும் பழகிய எத்தனை பிளாக் பெல்ட்டுக்கு இது தெரியும்?

அதே கே-பேக்கைப் பற்றி நம் கையேடு சொல்வது, அவருடைய கடுமையான ராணுவ ஒழுங்கு. அவ்வளவுதான். போருக்குக் கிளம்புமுன், தோற்றால் எதிரிக்கு அடிமையாகிவிடுவார்களே என்று தன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தன் கையாலேயே கொன்றுவிட்டுப் போனார் என்று 1145இல் தொகுத்த சாம்குக் சாகி என்ற வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது. இதைக் கொரிய நாட்டுப் பண்டிதர்களே பிற்காலத்தில் கண்டித்திருக்கிறார்கள், புகழ்ந்தும் இருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாதீர்கள், ஒத்துக்கொள்கிறேன். கே-பேக் பழகுகிறவன் பத்து வயசுப் பிள்ளை இல்லையே, பிளாக் பெல்ட்காரன். அவனிடமும் "கடுமையான ஒழுங்கு" என்று சொல்லி மூடினால், கொலைக்கு ஒழுங்கு என்று பேர் வைத்ததாக ஆகிறது.

போ-உன் என்பது சோங் மோங் சுவின் புனைபெயர். கோர்யோ வம்சத்தின் மேல் இருந்த விசுவாசத்துக்காக 1392இல் கேசோங் நகரத்துப் பாலம் ஒன்றில் கொல்லப்பட்டார். ஆள் வைத்துக் கொன்றது யி பாங்-வோன். அந்த யி பாங்-வோன்னின் பிள்ளைதான் சே-ஜோங் மன்னர். சோய்-யோங் பேட்டர்னின் தளபதி சோய் யோங்கைத் தீர்த்துக்கட்டியது சே-ஜோங்கின் தாத்தா. ஆக போ-உன், சோய்-யோங், சே-ஜோங் மூன்றும் ஒரே குடும்ப வழக்கின் மூன்று கட்டுக் காகிதங்கள். நாமோ மூன்றையும் "கொரிய தேசபக்தர்கள்" என்று ஒரே ஃபைலில் செருகிவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜெனரலைப் பாராட்டியே ஆகவேண்டும். யூ-சின் பேட்டர்னின் ஆரம்ப நிலையில் கைகள் வாளை இடப் பக்கத்திலிருந்து உருவாமல் வலப் பக்கத்திலிருந்து உருவுவது போல இருக்கும். கிம் யூ-சின் மன்னர் சொல்லைக் கேட்டு, அன்னியப் படையோடு சேர்ந்து சொந்த இனத்தோடு சண்டை போட்ட தவற்றை அது குறிக்கிறது என்பது விளக்கம். ஒரு வீரனைக் கும்பிடும்போதே அவன் தவற்றையும் கையில் வைத்துக் கும்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம்! 7ஆம் நூற்றாண்டுச் சில்லாக்காரனுக்குப் பேக்ஜேக்காரன் "சொந்த இனம்" என்று தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான். அது 1950இல் இரு பக்கமும் அன்னியப் படைகளோடு சேர்ந்து அண்ணன் தம்பி சுட்டுக்கொண்டதைப் பார்த்த மனிதரின் குரல் என்றே நான் நினைக்கிறேன். ஜெனரல் பிறந்த ஊர் இப்போது வட கொரியாவில் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்துச் சொன்னால்தானே அந்த ஆரம்ப நிலைக்கு உயிர் வரும்? நாம் "கையை வலப் பக்கம் வை, முழங்கையை ஒட்டு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இப்போது என் வயிற்றெரிச்சலின் மூலத்துக்கு வருகிறேன். கோ-டாங்.

கோ-டாங் என்பது சோ மான் சிக்கின் புனைபெயர். 1883இல் பிறந்தவர். டோக்கியோவில் சட்டம் படித்தபோது காந்தியின் கருத்துகளில் ஈர்க்கப்பட்டார். கொரியாவின் காந்தி என்று அவரைச் சொல்வதுண்டு. ஊர் திரும்பி ஓசான் பள்ளியில் வாத்தியாராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தார். 1920களில் பியோங்யாங்கில் கொரியப் பொருளையே வாங்குவோம் என்ற இயக்கத்தை நடத்தினார், நம் சுதேசி போலவே. 1945இல் ஜப்பான் போனதும் பியோங்யாங் ஜனங்கள் தலைமைக்குத் தேடிப் போனது இவரைத்தான். சோவியத் படை வந்தது. கொரியாவை வல்லரசுகளின் பொறுப்பாட்சியில் வைக்கும் திட்டத்துக்கு ஒத்துக்கொள் என்றார்கள். முடியாது என்றார். 1946 ஜனவரியில் ஒரு ஹோட்டலில் காவலில் வைத்தார்கள். தெற்கே தப்பிப் போகச் சொன்னவர்களிடம், வடக்கே இருக்கும் ஜனங்களை விட்டு வரமாட்டேன் என்றார். 1950 அக்டோபரில் கொல்லப்பட்டிருக்கலாம் என்றுதான் நம்புகிறார்கள்.

இந்த மனிதரின் பெயரில் ஜெனரல் 39 அசைவுகளில் ஒரு பேட்டர்ன் வைத்தார். அப்புறம் நடந்தது என்ன? ஜெனரலுக்கும் தென் கொரிய ஆட்சிக்கும் பகை முற்றி 1972இல் கனடா போனார். 1980இல் ஒரு குழுவோடு பியோங்யாங் போய் டேக்வாண்டோ காட்டினார். வட கொரியாவோடு உறவு பலப்பட்டது. அந்த 1980களிலேயே 24 பேரின் பட்டியலிலிருந்து கோ-டாங் தூக்கப்பட்டது. அந்த இடத்தில் வந்த பேட்டர்னின் பெயர் ஜூச்சே. ஜூச்சே என்றால் கிம் இல் சுங்கின் ஆட்சித் தத்துவம்! ஒரு மனிதரைக் காவலில் வைத்து இல்லாமல் ஆக்கிய ஆட்சி எதுவோ, அதன் கொள்கையையே அவர் நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. விளக்கப் பத்தி "மனிதனே எல்லாவற்றுக்கும் எஜமானன்" என்ற ரீதியில் தத்துவம் பேசும். அந்த எஜமானன் 1946இல் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை என்பது அந்தப் பத்தியில் இருக்காது.

உலகம் பூராவும் பிளாக் பெல்ட்கள் இதை நெஞ்சை நிமிர்த்தி ஒப்பித்தார்கள். ஒப்பித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அர்த்தம் தெரிந்து ஒப்பித்தால் அது அவர்கள் அரசியல், நான் யார் கேட்க. தெரியாமல் ஒப்பிப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்துப்போன மனிதரைப் பட்டியலிலிருந்து இன்னொரு முறை கொல்வதற்கு, ஒன்றும் அறியாத ஒரு மாணவன் கை கொடுக்கிறான்.

ஜெனரல் 2002இல் பியோங்யாங்கில் காலமானார். அந்தச் சமயத்தில் ஐ.டி.எஃப். மூன்றாக உடைந்தது, மூன்றும் தானே அசல் என்கின்றன. சில பிரிவுகள் கோ-டாங் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தன. கொண்டுவந்த விதம்தான் வேடிக்கை: அசைவுகள் ஜூச்சேயுடையவை, பெயர்ப் பலகை கோ-டாங். உடம்பு வேறு, பேர் வேறு என்று ஆரம்பித்த கதை சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டது.

"பெரியவர் எழுதியதை நாம் எப்படித் திருத்துவது, அது குருத் துரோகம்" என்று என்னோடு பழகும் சீனியர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கான பதில் இதிலேயே இருக்கிறது. பெரியவரே திருத்தியிருக்கிறார்! ஒரு பேட்டர்னையே எடுத்துவிட்டு வேறு வைத்தார். அரசியலுக்காக ஒரு ஆளையே மாற்றலாம், உண்மைக்காக ஒரு வருஷத்தை மாற்றக் கூடாதா? 645ஐ 645 என்று எழுதினால் எந்தக் குருவுக்குக் கோபம் வரும்? யோன்-கேயில் நான்கு அசைவை வெட்டச் சொல்லவில்லை. பேட்டர்ன் அப்படியே இருக்கட்டும். விளக்கத்தின் கீழே ஒரு வரி, "முற்றுகை உண்மையில் நடந்தது 645இல்" என்று. பாலன்ஸ் ஷீட்டில் அடிக்குறிப்பு போடுவதில்லையா, அது மாதிரி.

இன்னொன்று. 24இல் பெண்கள் எத்தனை பேர்? பூஜ்ஜியம். எங்கள் வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள். அவர்கள் கும்பிட ஒரு பெண் பெயர் கிடையாது. கொரிய வரலாற்றில் பஞ்சமா? யுல்-கோக் பேட்டர்னின் அறிஞர் யி இ ஐயாயிரம் வொன் நோட்டில் இருக்கிறார். அவருடைய அம்மா ஷின் சைம்தாங் ஓவியர், கவிஞர். 2009 முதல் ஐம்பதாயிரம் வொன் நோட்டில் இருக்கிறார். நோட்டில் அம்மாவுக்கு மகனைவிடப் பத்து மடங்கு மதிப்பு, பேட்டர்னில் இடமே இல்லை. சாம்-இல் பேட்டர்னின் 33 அசைவுகள் 1919 மார்ச் 1 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரைக் குறிக்கின்றன. முப்பத்து மூவரும் ஆண்கள். அன்று அவர்களில் வந்திருந்தவர்கள் ஒரு உணவு விடுதியில் கூடி, தாங்களே போலீஸுக்குச் சொல்லி அனுப்பிக் கைதானார்கள். பூங்காவில் கூடி நின்ற ஜனங்களுக்கு அதை உரக்கப் படித்துத் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள், அதாவது நம்ம வயசுப் பசங்க. அந்த இயக்கத்தில் கைதாகி, அடுத்த வருஷம் சோடேமுன் சிறையில் உயிரை விட்ட யூ குவான் சுன் என்ற மாணவிக்கு வயசு 17. இது எந்தக் கிரேடிங்கிலும் வராத கேள்வி.

ஆன் ஜூங்-குன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1909 அக்டோபர் 26, ஹார்பின் ரயில் நிலையம், இடோ ஹிரோபூமியைச் சுட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். (கையேட்டில் இடோவை முதல் கவர்னர் ஜெனரல் என்பார்கள். அந்தப் பதவியே 1910இல்தான் வந்தது. இடோ வகித்தது ரெசிடென்ட் ஜெனரல் பதவி.) அதே வருஷம் தோழர்களோடு சேர்ந்து மோதிர விரலின் நுனியை வெட்டிச் சபதம் எடுத்தவர் அவர். தூக்குக்குக் காத்திருந்த சிறையில் உட்கார்ந்து, கிழக்காசியாவின் சமாதானம் பற்றி ஒரு நூலை எழுதத் தொடங்கினார், முடிக்க விடவில்லை. 2014இல் ஹார்பினில் அவருக்கு நினைவகம் திறந்தபோது ஜப்பான் அரசின் செய்தித் தொடர்பாளராக இருந்த அமைச்சர் அவரைப் பயங்கரவாதி என்றார், கொரியா கொதித்தது. நூறு வருஷம் தாண்டியும் இரண்டு நாடுகள் சண்டை போடும் பெயர் அது. அதை "முப்பத்திரண்டு அசைவுகள் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம்.

கடைசிப் பேட்டர்ன் டோங்-இல். அர்த்தம் ஒன்றிணைதல். 1945இல் பிரிந்த கொரியா திரும்ப ஒன்றாக வேண்டும் என்ற உறுதி. ஜெனரல் தன் வாழ்நாளின் ஆசையை அங்கே வைத்திருந்தார், அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. 2024 ஜனவரியில் வட கொரியா இனி ஒன்றிணைப்பு என்ற பேச்சே வேண்டாம் என்று அறிவித்து, பியோங்யாங்கில் இருந்த ஒன்றிணைப்பு வளைவையும் இடித்துவிட்டது. ஜெனரலின் கல்லறை அதே நகரத்தில்தான் இருக்கிறது. ஆறாம் டான்காரர்கள் இதற்குப் பின் டோங்-இல் போடும்போது என்ன நினைத்துக்கொண்டு போடுகிறார்கள் என்று கேட்க ஆசை.

பரிட்சை எடுக்கும் பெரிய மாஸ்டர்களுக்கு என் கோரிக்கை எளிமையானது. ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். "டோ-சான் யாரு, உனக்குத் தெரிஞ்ச மாதிரி தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். ஆன் சாங் ஹோ அமெரிக்காவில் பழத்தோட்டத்தில் கூலி வேலை செய்த கொரியர்களை ஒன்று சேர்த்தவர், பள்ளிக்கூடம் திறந்தவர், ஜப்பானியச் சிறைக்குப் போய் உடம்பு கெட்டு 1938இல் இறந்தவர் என்று பையன் திக்கித் திணறிச் சொன்னால் முழு மதிப்பெண் போடுங்கள். அவருடைய மகன் பிலிப் ஆன், குங் ஃபூ தொலைக்காட்சித் தொடரில் ஷாவோலின் குருவாக நடித்தவர் என்று கூடுதலாகச் சொன்னால் ஒரு மிட்டாயும் கொடுங்கள்.

சக மாணவர்களுக்கு: உங்கள் கையேட்டை எடுத்து டோ-சான் பக்கத்தைப் பாருங்கள். பிறந்த வருஷம் 1876 என்று இருந்தால் அடித்துவிட்டு 1878 என்று எழுதுங்கள். அப்படியே யோன்-கே பக்கத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள், பேனா கையில்தானே இருக்கிறது.